சாமந்தி மட்டும் வேண்டாம்

ஆகஸ்ட் 26, செவ்வாய். கிராக்கோவ்

என் தங்கை நெய்யைப் பறிகொடுத்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு கல்யாணத்துக்காகப் போலந்து வந்து இறங்கி, கிராக்கோவ் விமான நிலையத்தை விட்டு வெளியேற நாங்கள் நான்கு பேரும் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். சுங்க அதிகாரி அவளை மட்டும் ஓரமாக அழைத்தார். பெட்டிக்குள் பட்டுச் சேலைகளுக்கு நடுவே, குழந்தையைப் போலச் சுற்றி வைத்த ஒரு பாட்டில் நெய். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கால்நடை நோய் பரவும் என்று அஞ்சுகிறார்கள். அதிகாரி கண்ணியமாகத்தான் பேசினார், நெய்யைக் கண்ணியமாகவே குப்பைத் தொட்டியில் போட்டார். "வீட்டு வெண்ணெய் காய்ச்சியது" என்று தங்கை தமிழிலேயே சொல்லிப் பார்த்தாள்.

கிளம்பும்போதே சொன்னேன், கேட்கவில்லை. விதிகளை நான் இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என் கவலை நெய் அல்ல, பூ. 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பூ, இலை, பழம் எதையும் பயணிகள் உள்ளே கொண்டுவர முடியாது. விலக்கு ஐந்தே பழங்களுக்குத்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான். தாம்பூலத் தட்டைப் பார்த்து யாரோ எழுதிய பட்டியல் போலிருக்கிறது. ஆனால் வெற்றிலைக்கும் மல்லிகைக்கும் அதில் இடமில்லை.

கல்யாணப் பெண் என் தங்கை மகள். கிராக்கோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை தார்னூவ் நகருக்கு வடக்கே ஒரு கிராமத்துப் பையன். நான் தாய்மாமன். தாய்மாமன் மாலை கொண்டுவராத கல்யாணத்தைத் திண்டுக்கல் பக்கத்தில் யாரும் கல்யாணமாகவே கணக்கில் வைக்க மாட்டார்கள். என் அப்பா நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். நான் வங்கியில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன், ஆனாலும் பூக்கட்டும் விரல் இன்னும் மறக்கவில்லை. ஆகவே பெட்டியில் பூ இல்லை, மூன்று உருண்டை பருத்தி நூல் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன். கிராக்கோவ் - தார்னூவ்

இன்று விநாயகர் சதுர்த்தி. மருமகளின் அடுக்குமாடி வீட்டில் விடியற்காலையிலேயே கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. அரிசி மாவுக்குத் தடை இல்லை. பிள்ளையாருக்கு நெய் இல்லாத நைவேத்தியம். அவர் வாய் திறக்கவில்லை, தங்கைதான் மூன்று முறை சொல்லிக் காட்டினாள்.

பத்து மணிக்கு நகரின் நடுவிலுள்ள பெரிய சதுக்கத்துக்குப் போனோம். 1257இல் நகரத்தைத் திட்டமிட்டபோது அளந்து போட்டது, ஒரு பக்கம் ஏறத்தாழ இருநூறு மீட்டர். மணிக்கு ஒருமுறை மரியன்னை ஆலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுகிறார், பாதியில் பட்டென்று நிறுத்திவிடுகிறார். தாத்தாரியர் படையெடுப்பை எச்சரிக்க ஊதியவனின் தொண்டையில் அம்பு பாய்ந்த இடம் அது என்பது கதை. நான் அண்ணாந்து பார்த்தது அரை நிமிடம். கண் கீழேயே இருந்தது. சதுக்கத்தில் குடைகளுக்குக் கீழே பூக்காரிகள்! வாளி வாளியாகப் பூ. நிலக்கோட்டை வாசனை இல்லை, ஆனால் ஈரத் தரையும் வெட்டிய தண்டுகளும் அதேதான்.

வெள்ளைச் சாமந்தி கண்ணில் பட்டது. திடமான பூ, இரண்டு நாள் தாங்கும். இருபது தண்டு என்று விரலில் காட்டினேன். பூக்காரி என் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மெல்லிய குரலில் "ட்ஸ்மென்டாஷ்?" என்றாள். என்ன என்று தெரியாவிட்டாலும் தலையாட்டுவது நம் வழக்கம். ஆட்டினேன். அவள் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இருபதை எண்ணிக் கொடுத்தாள். அடுத்த வாளியில் என் மனைவி ரோஜா இருபது கேட்டாள். அதற்கு மட்டும் பூக்காரி சிரித்தபடி ஒன்று கூட்டி இருபத்தொன்றாகக் கட்டினாள். கொசுறு போலும் என்று மகிழ்ந்தோம்.

காப்பிக் கடையில் காத்திருந்த மருமகள் எங்களைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். "மாமா, இதை யார் வாங்கச் சொன்னது?" பூக்காரி கேட்ட அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் கல்லறைத் தோட்டம். நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, போலந்து முழுவதும் கல்லறைகளை அலங்கரிக்கும் பூ சாமந்திதான். மங்கலத்துக்குப் பூவை ஒற்றைப்படையில் கொடுப்பார்கள், துக்கத்துக்குத்தான் இரட்டைப்படை. ஆக, பூக்காரி எனக்கு இரங்கல் தெரிவித்திருக்கிறாள். ரோஜாவுக்கு வந்தது கொசுறு அல்ல, மொய்க்கு நாம் நூற்றொன்று வைப்பது போன்ற கணக்கு.

சாமந்தியை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வரவில்லை. வழியில் ஒரு தேவாலயத்தில் மாதா சிலையின் காலடியில் வைத்துவிட்டு மாலை ரயிலுக்குப் போனோம். ஒரு மணி நேரப் பயணம். சம்பந்தியம்மா நிலையத்துக்கே வந்திருந்தார். தங்கை நீட்டிய டப்பாவைத் திறந்தவர் கொழுக்கட்டையின் விளிம்பு மடிப்பை விரலால் தடவி, "பியெரோகி!" என்றார். அவர்கள் வீட்டில் இரவு உணவும் அதுதான். கோதுமை மாவில் உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடையும் வைத்து, அதே பிறைச் சந்திர வடிவத்தில் மடித்து, வெந்நீரில் போட்டு எடுத்தது. இரண்டு பெண்களும் மாவைப் பற்றி மொழி இல்லாமலே அரைமணி நேரம் பேசினார்கள். ஆனால் மருமகள் சாமந்திக் கதையைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "வேறு எந்தப் பூ வேண்டுமானாலும் சரி. சாமந்தி மட்டும் வேண்டாம்."

ஆகஸ்ட் 28, வியாழன். கிராமம்

நாள் குறித்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜூலையில் வைக்கலாம் என்று பிள்ளைகள் முதலில் யோசித்திருக்கிறார்கள். ஆடி என்று நம் பக்கத்திலிருந்து தடை. அவர்கள் பக்கத்திலும் தடை! போலிஷ் மொழியில் மாதத்தின் பெயரில் ர் ஒலி இருந்தால்தான் கல்யாணத்துக்கு ஆகும். ஜூலைக்கு 'லிபியெத்ஸ்', அதில் ர் இல்லை. ஆகஸ்டின் பெயரில் உண்டு. ஆவணியும் பிறந்துவிடும். இரண்டு பஞ்சாங்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

கிழமையில்தான் முட்டிக்கொண்டது. அவர்களுக்குக் கல்யாணம் என்றாலே சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஊரே தூங்கி எழலாம். சனிக்கிழமை தாலி கட்டுவதா என்று தங்கை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவில் வெள்ளிக்கிழமை காலை வீட்டுத் தோட்டத்தில் தாலி, சனிக்கிழமை தேவாலயம் என்று பிரித்துக்கொண்டோம். உடனே மைத்துனர் இராகு காலத்தை எடுத்தார். வெள்ளிக்கு பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்பது ஆறுக்கு ஆறு பகலை எட்டாக வகுத்த கணக்கு. இங்கே ஆகஸ்ட் கடைசியில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன் எழுந்து ஏழரை வரை மறைவதில்லை. பகல் பதின்மூன்றே முக்கால் மணிக்கு நெருக்கம். எட்டில் ஒரு பங்கு நூற்றிரண்டு நிமிடம். நான்காவது பங்கு பதினொன்றுக்குக் கொஞ்சம் முன் தொடங்கி பன்னிரண்டே முக்கால் வரை வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வங்கியில் முப்பது வருடம் வட்டி போட்டது வீணாகவில்லை.

காலையில் பூ வேட்டை. இந்தக் கிராமத்தில் தோட்டமில்லாத வீடு இல்லை. மாப்பிள்ளையின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், முழங்கை வரை மண்ணோடு முன்னே நடந்தார். வேலி ஓரத்தில் செண்டுமல்லி! நம் ஊர்ச் செண்டுமல்லியேதான், அதே கசப்பு வாசனை. செடிகளைப் பூச்சியிலிருந்து காக்கத் தக்காளிப் பாத்தியைச் சுற்றி நடுகிறார்களாம். இதற்குக் கல்லறைத் தோஷம் உண்டா என்று ஜாடையில் கேட்டேன். பாட்டி கையை வீசி மறுத்துவிட்டார். ஒரு கூடை நிறைந்தது.

கிணற்றடியில்தான் அதிர்ஷ்டம் காத்திருந்தது. இடுப்பளவு உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு புதர், ஃபிளாக்ஸ் என்றார்கள். ஒரு பூவை இழுத்தேன், நீளமான மெல்லிய குழலோடு கையில் வந்துவிட்டது. ஐந்து இதழ், கீழே குழல், இனிய மணம். மல்லிகை இல்லாத தேசத்தில் மல்லிகைக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடைக்காது.

திண்ணை போன்ற மரப்படியில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினேன். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இறுக்கிக்கொண்டு, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ எதிர்ப்பக்கம், குழல் மேல் குழல். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலில் வளையம் போட்டு, பூவின் தலை வழியாக மாட்டி இழுத்தால் முடிச்சு. இழுப்பில்தான் வித்தை இருக்கிறது. ஒரு நெல் அளவு கூடினால் குழல் அறுந்து பூ உதிர்ந்துவிடும், குறைந்தால் மாலை தொங்கும்போது நழுவும். மல்லிகைக்குப் பழகிய கைக்கு இந்தப் பூ இன்னும் மென்மை. முதல் ஒரு சாணில் பாதி உதிர்ந்தது. பாட்டி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, நூலைத் தானும் கால்விரலில் மாட்டிக்கொண்டார். பத்து நிமிடத்தில் என்னைவிடக் குறைவாக உதிர்த்தார்.

மத்தியானம் பக்கத்தில் உள்ள சாலிப்பியே கிராமத்தைப் பார்த்துவந்தோம். வீட்டுச் சுவர், கிணறு, நாய்க்கூண்டு வரை பூ வரைந்து வைத்திருக்கிறார்கள். புகைபோக்கி இல்லாத பழைய வீடுகளில் கரி படிந்த சுவரைப் பெண்கள் சுண்ணாம்புத் திட்டுகளால் மறைக்கத் தொடங்கி, திட்டு பூவாக மாறியதாம். 1948லிருந்து போட்டியும் நடக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மனமெல்லாம் ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த மாலையில்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கலசத்துக்குத் தேங்காய் வாங்கி வந்தார்கள். சூப்பர்மார்க்கெட் தேங்காய், வழுவழுவென்று மொட்டை. குடுமி இல்லாத தேங்காயைக் கலசத்தில் வைப்பதா என்று என் மனைவி திகைத்தாள். மாப்பிள்ளையின் தங்கை சணல் கயிற்றைப் பிரித்து, பசை வைத்து, ஐந்து நிமிடத்தில் அருமையான குடுமி ஒட்டிக் கொடுத்தாள். மாவிலைக்குச் செர்ரி மரத்து இலை. வெற்றிலை இல்லை, அதற்கு மாற்றுச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

புரோகிதரும் இல்லை. எங்கள் வீட்டில் முன்பே ஐயர் வைக்காத கல்யாணம் நடந்திருக்கிறது. குத்துவிளக்கு, பெரியவர்கள், மாலை, தாலி, போதும். கெட்டிமேளத்துக்கு என்ன செய்வது என்றபோது மாப்பிள்ளையின் சித்தப்பா முன்வந்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தன்னார்வத் தீயணைப்புப் படை உண்டு, பல இடங்களில் படைக்கென்றே ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் உண்டு. அவர் அதில் பெரிய முரசு அடிப்பவர். நான் கையைத் தூக்கினால் அடிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தம்.

ஒன்பதரைக்கு மாலை மாற்றினார்கள். மாப்பிள்ளை ஆறடி நான்கு அங்குலம். அவர் குனியக் கூடாது என்று அவருடைய நண்பர்களும், குனிய வேண்டும் என்று எங்கள் பெண்களும். முடிவில் தாய்மாமன் முறைக்கு நான் மருமகளைத் தூக்கினேன். அறுபத்து மூன்று வயதில் அது நல்ல யோசனை இல்லை. கையைத் தூக்கினேன், முரசு அதிர்ந்தது, பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் சிதறின. இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போட்டார். மூன்றாவது நாத்தனார் முறை. அந்தப் பெண் கோடைதோறும் மசூரிய ஏரிகளில் பாய்மரப் படகு ஓட்டுகிறவளாம். அவள் போட்ட முடிச்சைப் பிறகு மஞ்சள் கயிற்றை மாற்றும்போது அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோல்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

தேவாலயத் திருமணமே இங்கே சட்டப்படியும் பதிவாகிவிடுகிறது. 1998லிருந்து அப்படி. பெண் மதம் மாறவில்லை, அதற்கு ஆயரின் அனுமதி வாங்கியிருந்தார்கள். பாதிரியார் இருவரின் வலது கைகளையும் சேர்த்துத் தன் தோள்பட்டைத் துணியால் சுற்றியபோது மைத்துனர் என் காதில் "பாணிக்கிரகணம்" என்றார். மோதிரமும் வலது கையில்தான் போடுகிறார்கள்.

விருந்து தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில். வழியில் இரண்டு இடத்தில் அண்டை வீட்டார் சாலையின் குறுக்கே ரிப்பன் கட்டி மறித்தார்கள். வோட்கா பாட்டில் கொடுத்தால்தான் வழி. வாசலில் சம்பந்தியம்மா ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றார். மணமக்கள் ஆளுக்கொரு சிறு கிளாஸ் குடித்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் எறிந்தார்கள். கண்ணாடி சிதறியது, எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். "பூசணிக்காய் உடைப்பதாக நினைத்துக்கொள்" என்றேன்.

முதலில் வரும் சூப் கோழிச் சாறு. சனிக்கிழமை தங்கை அசைவம் தொடமாட்டாள் என்பது தெரிந்து, சம்பந்தியம்மா அவளுக்குப் பீட்ரூட் சூப் தனியாக வைத்திருந்தார். அதன் பிறகு மணிக்கணக்கில் சூடான பதார்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன. நடுநடுவே மண்டபமே "கோஷ்கோ! கோஷ்கோ!" என்று கத்தும். வோட்கா கசக்கிறது, மணமக்கள் முத்தமிட்டால்தான் இனிக்கும் என்று பொருள். நாங்கள் நால்வரும் அந்த நேரங்களில் விட்டத்து விளக்குகளை ஆராய்ந்தோம். மொத்தம் பதினொன்று.

ஒரு முதியவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மகாராஜா, மகாராஜா" என்றார். இரண்டாம் உலகப் போரின்போது, சோவியத் மண்ணிலிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகளை 1942இல் ஜாம்நகர் பக்கம் பாலாச்சடியில் முகாம் கட்டித் தங்கவைத்த நவநகர் மன்னர் திக்விஜயசிங்ஜியைச் சொல்கிறார். வார்சாவில் அவர் பெயரில் சதுக்கமே இருக்கிறது. குஜராத் எங்கே, திண்டுக்கல் எங்கே. ஆனாலும் நன்றியை நான் மறுக்கவில்லை.

நள்ளிரவில் இசை நின்றது. மருமகளை மண்டபத்தின் நடுவே நாற்காலியில் உட்காரவைத்து, கல்யாணமான பெண்கள் சுற்றி நின்றார்கள். தலையில் வெள்ளை வலை, அதன் மேல் பாட்டியின் ஆசைக்காக ஒரு சிறு பூவளையம். அந்தப் பூவளையம் கன்னிப்பெண்ணுக்குரியது. அதை எடுத்துவிட்டு, மனைவிக்குரிய துணித் தொப்பியை வைப்பதுதான் சடங்கு. பாட்டி தன் கல்யாணத் தொப்பியையே கொண்டுவந்திருந்தார், பூவேலை செய்தது.

சம்பந்தியம்மாவின் கை பூவளையத்துக்குப் போனது. தங்கை என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். "அண்ணா, தலையிலிருந்து பூவை எடுக்கிறார்களே." நம் ஊரில் ஒரு பெண்ணின் தலையிலிருந்து பூவைச் சபையில் எடுப்பது ஒரே ஒரு நாளில்தான். அந்த நாளின் பெயரை அவள் சொல்லவில்லை, நானும் எழுதப்போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகள் போலிஷில் ஏதோ சொன்னாள். சம்பந்தியம்மாவின் கை அப்படியே நின்றது. சாமந்தி என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அந்த அம்மாள்தான் அதைச் சொன்னார்.

காலையில் ஒரு முழம் ஃபிளாக்ஸ் கட்டி, மண்டபத்துக் குளிர்பெட்டியில் வோட்கா பாட்டில்களுக்கு நடுவே ஈரத் துணியில் வைத்திருந்தேன், மறுநாளுக்காக. ஓடிப்போய் எடுத்துவந்தேன். தங்கை வட்டத்துக்குள் போய் மகளின் கொண்டையில் அதை வைத்து ஊசி குத்தினாள். அதன் பிறகுதான் சம்பந்தியம்மா பூவளையத்தைத் தூக்கினார். தொப்பி பூவுக்கு மேலே உட்காரவில்லை. பாட்டி அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சரமும் தெரிகிற மாதிரி கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இங்கே கல்யாணத்துக்கு மறுநாளும் விருந்து உண்டு. மீந்ததைச் சாப்பிட்டு, மீந்தவர்களோடு ஆடுவது. என் இடுப்பு அதற்கு அனுமதிக்கவில்லை. பாட்டி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மாதா படத்துக்கு மேலே காய்ந்த கொத்து ஒன்று தொங்கியது: கோதுமைக் கதிர், மூலிகை, தோட்டத்துப் பூக்கள். ஆகஸ்ட் 15 மாதா திருநாளில் கோயிலில் மந்திரித்து வாங்கி வருவார்களாம், இடி விழாது என்று நம்பிக்கை. போகியன்று நாம் கூரையில் செருகும் கண்ணுப்பீளையும் ஆவாரம்பூவும் நினைவுக்கு வந்தன.

நான் போனது வெள்ளிக்கிழமை மாலைகளுக்காக. வாடிய கல்யாண மாலை காலில் மிதிபடக் கூடாது, ஓடும் தண்ணீரில் விட வேண்டும். பக்கத்தில் துனாயெத்ஸ் ஆறு ஓடுகிறது. ஆனால் பாட்டி இரண்டு மாலைகளையும் கொத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஆணியில் மாட்டிவிட்டார். ஆறு, தண்ணீர் என்று கையால் காட்டினேன். அவர் இடி, வீடு என்று கையால் காட்டினார். கால் மணி நேரம் பேரம். கடைசியில் மாப்பிள்ளையின் மாலை எனக்கு, பெண்ணின் மாலை அவருக்கு.

ஆற்றுக்குப் பாட்டியும் கூட வந்தார். செண்டுமல்லி சற்றுத் தூரம் மிதந்து போய் ஒரு மணல் திட்டில் சிக்கிக்கொண்டது. அவர் ஒரு நீளக் குச்சியைத் தேடி எடுத்துவந்து தள்ளிவிட்டார்.